குடியேற ஊர் தெரிதல்: யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு – சில குறிப்புகள்

2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர், நகரங்களில் உத்தியோகம் பார்க்கும் நடுத்தர வர்க்கத்தினரிடையே ஒரு பேச்சு அடிக்கடி எழுவதைக் காண்கிறோம். வன்னிப் பக்கமாக இரண்டு மூன்று ஏக்கர் காணி பார்த்து, கிணறு ஒன்று வெட்டி, சிறு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதே அப்பேச்சு. அரிசிக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்று களைத்த மக்கள் இவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. எனினும், 'எந்த ஊருக்குப் போகலாம்?' என்று கேட்கும் இவர்கள் அதனை ஒரு புதுக் கேள்வியாகவும், தனிமனிதர் ஒருவரின் விருப்பத்தோடும் வசதியோடும் மாத்திரம் தொடர்புடைய கேள்வியாகவும் கொள்கின்றனர். இவ்விரண்டும் பிழையான எடுகோள்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிப் பெருநிலப்பரப்புக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக மக்கள் சென்று குடியேறி வந்துள்ளனர். அவர்களுள் ஊரைத் தெரிந்து சென்றவர் யார், ஊரால் தெரியப்பட்டவர் யார், தெரிவுக்கே இடமின்றித் தள்ளப்பட்டவர் யார் என்பதை வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும்.

முதலில், புறப்பட்ட இடத்தைச் சிறிது நோக்குவோம். யாழ்ப்பாணத்திலே காணி பரப்புக் கணக்கில் பேசப்படுவது. தோட்டக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நான்கு பரப்பு, ஆறு பரப்பு என்று சீதன உறுதிகளில் எழுதப்படும்போது, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு உண்டு என்ற வாசகமும் உடன் எழுதப்படுவது வழக்கம். ஒரு கிணற்றின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்து பிரிந்து, நீர் இறைக்கும் முறைநாள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் நிலைகூட ஏற்பட்டதுண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், சட்டமாகத் தொகுக்கப்பட்ட தேசவழமை, பெண்களுக்குச் சீதனமாக நிலத்தைக் கொடுக்கும் வழக்கத்தை உறுதிசெய்தது. பெண்ணுக்கும் சொத்தில் இடமளித்த வகையில் இது முற்போக்கான அம்சமுடையதே. ஆனால் நிலம் பெருகாத ஒரு குடாநாட்டில், சனத்தொகை பெருகப் பெருக, இம்முறை நிலத்தைத் துண்டுதுண்டாக்கியதும் உண்மை. ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் மலாயாவும் ஒரு பகுதியினருக்கு வழிகாட்டின. நிலமும் கல்வியும் இல்லாதோருக்கு, சிறப்பாகச் சாதி அமைப்பின் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருந்தோருக்கு, அவ்வழிகள் அடைபட்டிருந்தன.

மறுபுறம் வன்னி. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், காடு மூடிய குளங்களையும் அருகிய குடிகளையும் பற்றி விரிவாகக் கூறுகின்றது. குடாநாட்டார் வன்னியைக் 'காய்ச்சல் ஊர்' என்றே கருதினர். ஊரைத் தெரிதல் என்பது அக்காலத்தில் முதலாவதாக நோயைப் பற்றிய கணிப்பாகும். இக்காலத்து வாசகர் இதனை எளிதில் மறந்துவிடக்கூடும். 1946 இலிருந்து டி.டி.ரி. மருந்து பரவலாகத் தெளிக்கப்பட்ட பின்னரே மலேரியாவின் கொடுமை தணிந்தது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேரிடமே அந்நோய் காணப்பட்டது. ஆனால் 1967 இல் அது மீண்டும் பெருந்தொற்றாகக் கிளம்பிற்று. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார தாபனம் அறிவித்தது 2016 இலேயே. ஆகவே, 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கப்பட்டபோது அங்கு சென்றவர்கள், குளத்து நீரையும் புது மண்ணையும் மாத்திரமன்றி, தம் பிள்ளைகளின் உயிரையும் பணயமாக வைத்தே சென்றனர். இவ்விடர் எல்லா வர்க்கத்தினருக்கும் ஒரேயளவினதாக இருக்கவில்லை. குடும்பத்தைக் குடாநாட்டிலே விட்டுவிட்டு விதைப்புக்கும் அறுவடைக்கும் மாத்திரம் வந்துபோகக் கூடியவர் ஒரு சாரார். காடு வெட்டிய இடத்திலேயே குடிசை போட்டுப் படுத்தவர் மற்றொரு சாரார்.

கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிலே கட்டப்பட்ட இரணைமடுக் குளமே கிளிநொச்சிக் குடியேற்றத்தின் ஆதாரமாகும். இங்கு சட்டம் வகித்த பங்கு முக்கியமானது. 1927 ஆம் ஆண்டுக் காணி ஆணைக்குழுவின் சிந்தனைகளையொட்டி 1935 இல் இயற்றப்பட்ட காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், முடிக்குரிய காணிகளைக் கமக்காரருக்கும் 'மத்தியதர வகுப்பினருக்கும்' பகிர்ந்தளிக்க வழிசெய்தது. ஒரே சட்டத்தின்கீழ் இரு வர்க்கங்களுக்கும் இரு வேறு அளவுகள் வகுக்கப்பட்டன. தீவின் தொடக்ககாலக் குடியேற்றத் திட்டங்களில் கமக்காரக் குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் என்பது பொதுவான அளவாக இருந்தது. பிற்காலத்தில் அது படிப்படியாகச் சுருங்கிச் சென்றது. மத்தியதர வகுப்பினர் பெற்ற துண்டுகளோ இதனினும் பன்மடங்கு பெரியவை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த புவியியலாளர் பி. எச். ஃபார்மர், இலங்கையின் முன்னோடிக் கமக்காரக் குடியேற்றங்கள் பற்றி 1957 இல் வெளியிட்ட நூலில் இத்திட்டங்களின் ஏற்றத்தாழ்வுகளை நுணுகி ஆராய்ந்துள்ளார். அவரது நோக்கு எம்முடையதன்று. எனினும் களத்தை நேரிற் கண்டு எழுதிய அந்நூலைத் தவிர்த்து இத்துறையில் எவரும் மேற்செல்ல முடியாது.

'காணிக் கச்சேரி' என்ற தொடரைக் கேள்வியுறாதோர் வன்னியில் இரார். விண்ணப்பித்தவர்கள் அதிகாரியின் முன் வரிசையாக நிற்பர். நிலமின்மை, குடும்பத்தின் அளவு, உடலுழைப்புக்கான தகுதி ஆகியன விசாரிக்கப்படும். எந்த வாய்க்காலில், எத்தனையாம் துண்டு என்பது அங்கே வகுக்கப்படும். ஆக, நிலமற்ற கமக்காரன் ஊரைத் தெரிந்தெடுத்தான் என்று கூறுவதிலும் பார்க்க, அரசாங்கத்தின் ஏடு அவனைத் தெரிந்தெடுத்தது என்று கூறுதலே பொருந்தும். தெரிவு என்ற சொல்லுக்கு உரிய பொருளில் ஊரைத் தெரிந்தவர்கள், மேலே கூறிய மத்தியதர வகுப்பினரே. கண்டி வீதிக்கும் புகையிரத நிலையத்துக்கும் அண்மை, பாடசாலை, குளத்தின் தலைவாய்க்காலுக்கு அண்மை எனப் பலவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கும் அவகாசம் அவர்களுக்கு இருந்தது.

இவ்விடத்தில், நிலத்தை வாசிக்கும் அறிவு பற்றியும் கூறுதல் வேண்டும். எனது பேரனார் 1950களிலே பரந்தன் பகுதிக்குச் சென்றவர். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலே எங்கு வெட்டினாலும் சில பாக ஆழத்தில் நீர் ஊறும் என்ற அனுபவத்தோடு போனவருக்கு வன்னி நிலம் வேறு பாடத்தைக் கற்பித்தது. அங்கு பெரும்பகுதி கருங்கல்லின்மேல் அமைந்த நிலம். உக்கிய பாறைப் படையில் தங்கும் நீரே கிணற்று நீர். அதற்குக் கீழே கல். குளம் நிறைந்திருக்கும் காலத்தில் அண்டைக் கிணறுகளும் நிறைந்திருக்கும். குளம் வற்றினால் அவையும் வற்றும். ஆகவே வன்னிக் கிணறு என்பது ஒருவகையில் குளத்தின் நீட்சியே. மருதமரங்கள் நிற்கும் வரிசையைக் கொண்டு ஆற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் அறிவது, பாலையும் முதிரையும் வளர்ந்த மேட்டில் வீட்டையும் தாழ்ந்த களித்தரையில் வயலையும் அமைப்பது, யானையின் வழித்தடத்தை விலக்கிப் படலை வைப்பது ஆகியனவெல்லாம் அங்கு முன்னரே வாழ்ந்த குடிகளின் அறிவாகும். ஊர்ப்பெயர்களே இவ்வறிவின் ஏடுகளாக உள்ளன: குளம், மடு, மோட்டை, முறிப்பு, வில், வெளி என்று முடியும் பெயர்கள் ஒவ்வொன்றும் நீரின் நிலையை அல்லது தரையின் அமைப்பைச் சொல்லிவிடுகின்றன. முறிப்பு என்றால் உடைத்துக்கொண்ட குளம். விசுவமடு, தண்ணீர்முறிப்பு, வவுனிக்குளம் என்று வாயாரச் சொல்பவர்களுள் எத்தனை பேர் அப்பெயர்களைக் காணி வாங்குமுன் வாசித்தனர் என்பது எனக்கு ஐயமே. புதிதாய்ச் சென்ற குடாநாட்டார் இவ்வறிவைக் கற்றுக்கொண்டு, கற்பித்தவர்களைப் பின்தங்கியவர் என்று அழைத்தமை வர்க்க மனோபாவத்தின் சிறிய, ஆனால் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு.

குளத்தின்கீழ் உள்ள நிலத்தில் 'எங்கு' என்பதே எல்லாம். வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலபோகத்தில் எல்லோரும் விதைக்கலாம். சிறுபோகத்தில் நிலைமை வேறு. குளத்தில் எஞ்சிய நீருக்கேற்பப் பயிரிடும் பரப்பைக் குறைப்பர். யாருக்கு எத்தனை ஏக்கர் என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீரும். கூட்டம் சமத்துவமான தோற்றமுடையது. ஆனால் தலைவாய்க்காற் காரனுக்குக் கதவு திறந்தவுடன் நீர் வரும். கடைவாய்க்காற் காரன் இரவில் மண்வெட்டியோடு அணைக்கட்டில் நடக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு துண்டும் ஒரே ஏக்கர். நீருக்கான இப்போட்டி மாவட்டங்களுக்கிடையிலும் எழுந்ததைக் கண்டோம். இரணைமடு நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லும் யோசனை 2010களிலே முன்வைக்கப்பட்டபோது, கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாழையடியில் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. எதிர்த்தவர்களுட் பலர் குடாநாட்டில் வேர்கொண்ட குடும்பத்தினரே. உற்பத்திச் சாதனத்தோடு ஒருவனுக்கு உள்ள உறவு, அவனது பிறந்த ஊர்ப் பற்றிலும் வலியது என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1960களின் பிற்பகுதியில் முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களிலே படித்த வாலிபருக்கான குடியேற்றத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. 1970 இல் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும், இவ்வாலிபரின் மிளகாய்த் தோட்டங்கள் பொன் விளையும் பூமிகளாயின. செத்தல் மிளகாய் விற்ற காசில் உழவுயந்திரம் வாங்கியோரும் கல்வீடு கட்டியோரும் உளர். 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் இறக்குமதி பெருகி, விலை விழுந்தது. மண் மாறவில்லை, குளம் மாறவில்லை, ஊர் நல்ல ஊராகவே இருந்தது. ஊரைத் தெரியும்போது மண்ணையும் நீரையும் பார்த்தவர், துறைமுகத்தில் இறங்கும் மூடைகளைப் பார்க்க முடிவதில்லை என்பதை அவ்வாலிபர் மிக விரைவாக அறிந்துகொண்டனர்.

சாதி பற்றிக் கூறாது இவ்விடயத்தை விளக்குதல் முழுமையாகாது. குடாநாட்டில் பொதுக்கிணற்றில் நீரள்ள மறுக்கப்பட்ட மக்களுக்கு, தனக்கென ஒரு கிணறும் பிறரோடு ஒத்த அளவான வயலும் உள்ள ஒரு வாய்க்கால்கரைத் துண்டு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மாவிட்டபுரத்தில் 1968 இல் ஆலயப்பிரவேசப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலமும், வன்னிக்குச் செல்லும் பேருந்துகளில் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு ஏறிய காலமும் ஒன்றே. ஊரை மாற்றுதல் போராட்டத்திலிருந்து விலகிச் செல்வதாகும் என்று அக்காலத்தில் எம்மவர் சிலர் வாதித்ததுண்டு. அவ்வாதத்தை நான் முற்றாக ஏற்கவில்லை. தன் உழைப்பை விற்க வேண்டிய வீட்டின் வாசலை விட்டு அகல்வதும் ஓர் எதிர்ப்பே. எனினும், வாய்க்கால் வரிசை சமமாயிருந்த இடங்களிலும் கோயிலும் கலியாணமும் பழைய வரிசையிலேயே நடந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

இலக்கியம் இதனை எவ்வாறு கண்டது? கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும் குளந்தோண்டி வளம் பெருக்கியதையும் பட்டினப்பாலை அவனது பெருமையாகக் கூறும். கோடரி பிடித்தவர் யார் என்பது அப்பாட்டின் அக்கறையன்று. அவ்வக்கறை எமது காலத்து நாவலிலேதான் பிறக்கின்றது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) தண்ணீர்முறிப்பைக் களமாகக் கொண்டது. காட்டோடு கூடிய வாழ்க்கையின் உயிர்த்துடிப்பை அது போலக் காட்டிய ஈழத்து நாவல்கள் மிகச் சிலவே. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் ஒருவரின் கண்ணும் அதில் உண்டு. அக்கண்ணுக்கு ஊர் ஓர் அழகாகத் தோன்றுகின்றது. செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) வேறு திசையில் நோக்குகின்றது. புவியியலாளராகவும் நிருவாக அதிகாரியாகவும் இருந்த அவருக்குக் குடியேற்றக் கிராமத்தில் அதிகாரமும் பணமும் எவ்வாறு கைகோக்கின்றன என்பது தெரிந்திருந்தது. கலைநயத்தில் 'நிலக்கிளி'யும் சமூக உறவுகளைப் புலப்படுத்துவதில் 'காட்டாறு'ம் மேலோங்கி நிற்பதாக நான் கருதுகிறேன். 'நிலக்கிளி'யின் ஊரான தண்ணீர்முறிப்பிலிருந்து 1984 இல் மக்கள் வெளியேற நேர்ந்ததை அறிந்த பின்னர் அந்நாவலை மீள வாசிப்பவர், அதன் அழகை முன்னர்போற் சுவைத்தல் அரிது.

தெரிவே இல்லாதோர் என மேலே குறிப்பிட்டவர்களுள் முதன்மையானவர்கள் மலையகத் தமிழ் மக்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்த இவர்கள், குடிமக்களுக்கென வகுக்கப்பட்ட காணித் திட்டங்களின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். 1958 இலும் 1977 இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின்னர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தவர்கள், எந்த ஊர் நல்லதென்று ஆராய்ந்து வரவில்லை. அடிக்காத ஊர் எது என்று கேட்டு வந்தனர். குடாநாட்டு முதலாளிமாரின் மிளகாய்த் தோட்டங்களில் நாட்கூலிகளாகவும், காட்டோரத்தில் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத குடிசைவாசிகளாகவும் அவர்கள் அமர்ந்தனர். அரச ஏடுகளில் அவர்களுக்கு 'அத்துமீறிக் குடியேறியோர்' என்று பெயர். குடியுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்க்கப்பட்டபோதும், காணிப் பிரச்சினை அதனோடு தீரவில்லை. தமிழ் மக்களின் பொதுத் துயரத்தைப் பேசும் எமது எழுத்தாளர், அத்துயரத்தின் உள்ளே அமைந்திருக்கும் இச்சுரண்டலைப் பேசுவதற்குத் தயங்கியமை வருத்தத்துக்குரியது.

1995 இல் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் அங்கிருந்து வன்னிக்கும் பெயர்ந்ததும், 2009 இல் வன்னி மக்கள் முழுவதும் முகாம்களுக்குள் சென்றதும், 2012 இல் செட்டிகுளத்து முகாம்கள் மூடப்பட்டதும் அண்மைக்கால வரலாறு. அவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. மீண்டவர்களுட் பலரிடம் அனுமதிப்பத்திரம் இல்லை என்பது மட்டும் எமது விடயத்தோடு சார்ந்தது.

அனுமதிப்பத்திரம் என்றதும் 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு கூறு நினைவுக்கு வருகின்றது. இச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற காணியை விருப்பம்போல விற்கவோ துண்டாடவோ முடியாது. நிலம் மீண்டும் துண்டுபடாதிருத்தலும், கடன்காரர் கைக்குப் போகாதிருத்தலும் இதன் நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து ஆண் வாரிசுக்கே முன்னுரிமை வழங்கிய அட்டவணை அதில் இருந்தது. அது 2022 இலேயே திருத்தப்பட்டது. மகளுக்குக் காணி கொடுத்துப் பழகிய தேசவழமைச் சமூகம், காணியை மூத்த மகனுக்கு விட்டு ஏனைய பிள்ளைகளை வெறுங்கையராக்கும் சட்டத்தின்கீழ் வாழப் புகுந்தது. விற்க முடியாத காணி, எழுத்தில்லாத குத்தகையாகவும் ஈடாகவும் கைமாறியது. இரண்டாம் தலைமுறையில் நிலமற்றோர் மீண்டும் தோன்றினர். இம்முறை குடாநாட்டிலன்று, குளத்தின் காலடியிலேயே.

எனது பேரனாருக்குப் பரந்தனில் வயலும் மேட்டுநிலமும் கிடைத்தன. யாரையும் நியமிக்காமலே அவர் இறந்தார். காணி பெரிய மாமாவின் பெயருக்கு மாறியது. அம்மாவுக்கு ஊரில் நான்கு பரப்பும் கிணற்றில் ஆறிலொரு பங்கும் சீதனமாக வந்தன. சின்னம்மாவுக்குக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. அவர் இன்றும் வாய்க்காலின் ஒதுக்குநிலத்தில், தகரம் வேய்ந்த வீட்டில், தகப்பனார் வெட்டிய வயலைத் தினமும் பார்த்தபடி இருக்கிறார். கொழும்பிலிருந்து காணி பார்க்க வந்த என் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு அவ்வீட்டு முற்றத்தில் நின்று, இது நல்ல இடம், தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, விற்பார்களா என்று கேட்டார். சின்னம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார்.